எதுக்குடா இதெல்லாம்?

(நம் முன்னாள் மாணவர் சந்திப்பில், 1976–79 பி.எஸ்ஸி. இயற்பியல் வகுப்பு மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். தலைப்பு "வாழ்க்கையின் பொருள்". பதினைந்து நிமிடத்தில் வாழ்க்கையின் பொருளா என்று கேட்டேன். "நீதான் காலேஜ்ல பேச்சுப் போட்டி சாம்பியன் ஆச்சே, சமாளி" என்றார். அந்தப் பேச்சுப் போட்டிப் பெருமைதான் இன்றைக்கு நான் உங்களிடம் சொல்ல வந்திருக்கும் குற்றத்துக்கே காரணம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் வங்கியில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பின் இரண்டாவது வருடம் என் மனைவி காலமானாள். அதன் பிறகு காலையில் எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாத நாட்கள் பல வந்தன. பேப்பர் படிப்பேன். படித்ததையே திரும்பப் படிப்பேன். என் மகள் இதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குப் பிடிச்ச எழுத்தாளராச்சேப்பா" என்று ஒரு சின்னப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாள். வில் டூரண்ட் எழுதியது. நம் கல்லூரி நூலகத்தில் அவருடைய தத்துவ வரலாற்று நூல், 1926-ல் வெளியானது, கெட்டி அட்டை போட்டு இருந்ததே, நினைவிருக்கிறதா? அதை ஒரு வருடம் நானே வைத்துக்கொண்டு அபராதம் கட்டியவன். மகள் கொடுத்தது 1932-ல் வந்த வேறொரு புத்தகம்.

அந்தப் புத்தகம் பிறந்த கதை இது. 1930-ஆம் ஆண்டு இலையுதிர் காலம். நியூயார்க் மாநிலத்தில் தன் வீட்டு முற்றத்தில் டூரண்ட் சருகு கூட்டிக்கொண்டிருக்கிறார். நன்றாக உடுத்திய ஒருவர் வந்து நிற்கிறார். "வாழ்வதற்கு ஒரு நல்ல காரணம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உயிரை மாய்த்துக்கொள்ளப் போகிறேன்" என்று அமைதியாகச் சொல்கிறார். டூரண்ட் பதறிப்போய், ஏதாவது வேலை தேடிக்கொள்ளுங்கள் என்றார். அவருக்கு வேலை இருந்தது. நன்றாகச் சாப்பிடுங்கள் என்றார். அவருக்குப் பசி இல்லை. இன்னும் என்னென்னவோ வாதங்கள் சொல்லிப் பார்த்தார். வந்தவர் அசையவில்லை, போய்விட்டார். அப்புறம் அவர் என்ன ஆனார் என்று டூரண்டுக்குத் தெரியவே தெரியாது.

உலகத் தத்துவம் முழுவதையும் கரைத்துக் குடித்த மனிதர்! லட்சக்கணக்கானவர்களுக்குத் தத்துவம் சொல்லிக் கொடுத்தவர்! வாசலில் வந்து நின்ற ஒருவருக்குச் சொல்ல அவரிடம் ஒரு வார்த்தை இல்லை. இது அவரை உறுத்தியிருக்க வேண்டும். 1931-ல் உலகப் பிரமுகர்கள் நூறு பேருக்குக் கடிதம் எழுதினார். உங்கள் வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்? உங்களை எது நடத்துகிறது? வேலை செய்ய, ஓட உங்களுக்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது?

வந்த பதில்களைப் பாருங்கள். பெர்னார்ட் ஷா, எனக்கு எப்படி அய்யா தெரியும், அந்தக் கேள்விக்கே அர்த்தம் உண்டா என்று எரிந்து விழுந்தார். பெர்ட்ரண்ட் ரஸல், வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லை என்ற உறுதியோடு தாம் வேலை மும்முரத்தில் இருப்பதாகச் சொல்லி முடித்துக்கொண்டார். பத்திரிகையாளர் மென்கன், கோழி ஏன் முட்டையிடுகிறதோ அதே காரணத்துக்காகத்தான் நானும் வேலை செய்கிறேன் என்ற பாணியில் எழுதினார். காந்தியடிகள் இறைநம்பிக்கையைச் சொன்னார். எல்லா உயிர்களுக்கும் செய்யும் சேவையில்தான் தமக்கு ஆறுதலும் மகிழ்ச்சியும் என்றார். ஜவாஹர்லால் நேருவும் பதில் எழுதினார்.

இன்னொரு பதிலைத் திருச்சியில் இருந்துகொண்டு சொல்லாமல் விட முடியுமா? 1888-ல் இதே ஊரில் பிறந்தவர், 1930-ல் நோபல் பரிசு பெற்றவர், நம் துறையின் சுவரில் படமாகத் தொங்கியவர், ஸர் சி. வி. ராமன். உழைக்க வேண்டும், சாதிக்க வேண்டும், மற்றவர்களும் அப்படிச் செய்ய உதவ வேண்டும். இந்த ஆசைதான் தம்மை ஓட்டுகிறது என்பது அவர் பதிலின் சாரம். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் நாம் ஆப்டிக்ஸ் பிராக்டிகலில் ஸ்பெக்ட்ராமீட்டரைத் திருகித் திருகி அளவைக் கோட்டை விட்டோம்.

அந்தப் புத்தகத்தில் அமெரிக்காவின் ஸிங் ஸிங் சிறையில் ஆயுள் தண்டனைக் கைதி ஒருவர் எழுதிய பதிலும் இருக்கிறது. வெளியே போக வழியில்லாத அந்த மனிதர், கம்பிக்குள்ளேயும் நிறைவாக வாழ முடியும் என்று எழுதியிருக்கிறார். ரஸலுக்குக் கிடைக்காத அர்த்தம் கைதிக்குக் கிடைத்திருக்கிறது!

புத்தகத்தை மூடியதும் எனக்கு ஒரு யோசனை. டூரண்ட் பெரியவர்களைக் கேட்டார். நாம் நம்ம பயல்களைக் கேட்டால் என்ன?

வாட்ஸ்அப்பில் கேட்டால் கும்பிடும் கையும் பூங்கொத்தும்தான் வரும். ஆகையால் காகிதத்தில் என் கையால் எழுதினேன். சங்கப் பட்டியலில் எங்கள் வகுப்பில் 42 பெயர். என்னைக் கழித்தால் 41. அதில் 9 பேர் மறைந்துவிட்டார்கள். 5 பேருக்கு முகவரி இல்லை. மீதி 27 கடிதம். பதில் வந்தது 18. பெயரைச் சொல்லாதே என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. நீங்களாகக் கண்டுபிடித்தால் நான் பொறுப்பில்லை.

முதலில் வந்த பதில் ஒரே வரி. "இந்தக் கேள்விக்கு எத்தனை மார்க்? சாய்ஸில் விடலாமா?" இவர் யார் என்று சிரிப்பைப் பார்த்தாலே தெரிகிறது. அன்றைக்கும் இவர் பாதிக் கேள்வியைச் சாய்ஸில் விட்டவர்தான்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் நண்பர் எழுதினார்: "எனக்குத் தத்துவம் தெரியாதுடா. சனிக்கிழமை சாயந்தரம் அறுபது பேருக்குச் சம்பளம் போடணும். வெள்ளிக்கிழமை ராத்திரி தூக்கம் வராது. சனிக்கிழமை ராத்திரி நல்லாத் தூங்குவேன். இதுதான் அர்த்தம்னு வச்சுக்கோ."

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் நண்பர், தினமும் விடியற்காலையில் கோயிலுக்குப் போய் மாலை கட்டிக் கொடுக்கிறவர். "நீ எதற்காக என்று கேட்கிறாய். யாருக்காக என்று கேட்டுப் பார். எனக்கு உடனே பதில் தெரியும்" என்று எழுதினார்.

இன்னொருவர் பாலக்கரைக்காரர், ஐந்து வேளையும் தொழுகிறவர். வாழ்க்கை ஓர் அமானத், நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள் என்றார். "கடன் வாங்கின சைக்கிளைத் துடைச்சு, காத்தடிச்சுத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி கொடுக்கணும்." இதைப் படித்ததும் சிரித்தேன். ஏனென்றால் 1978-ல் அவருடைய சைக்கிளை நான் வாங்கிப் பங்ச்சரோடு திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மறக்கவில்லை போலும்.

கறுப்புச் சட்டை நண்பர் நான்கு பக்கம் எழுதினார். "அர்த்தம் என்று மேலேயிருந்து எதுவும் விழாது. வேப்பமரம் அர்த்தம் கேட்டா நிழல் கொடுக்கிறது? நாமாகப் பார்த்து வைப்பதுதான் அர்த்தம். வைக்காதவனுக்குக் கிடையாது." ஸ்ரீரங்கத்து நண்பரும் இவரும் ஹாஸ்டலில் மூன்று வருடம் ஒரே அறை. தினம் சண்டை, தினம் ஒரே தட்டில் பக்கோடா. இன்றைக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் மட்டும் கொஞ்சம் மனசைக் கலக்கினார். "வேலைக்குப் போன வரைக்கும் இந்தக் கேள்வியே வரலை. சங்கு ஊதினா எழுந்திருப்பேன். இப்ப சங்கு எனக்கு இல்லைன்னு தெரிஞ்சும் எழுந்துடறேன். எழுந்து என்ன பண்றதுன்னுதான் தெரியலை." பிறகு ஒன்று எழுதியிருந்தார். "1977 நவம்பர் வெள்ளத்தப்போ, நம்ம மெஸ்ஸிலேருந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தலையில வச்சுக்கிட்டு இடுப்பளவு தண்ணியில போனோமே, அந்த மூணு நாள் மாதிரி நான் அப்புறம் வாழ்ந்ததே இல்லைடா."

உண்மைதான். உறையூர்ப் பக்கம் கூரை மேல் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு "நீ சாப்டியா தம்பி?" என்று கேட்டாள். அந்த மூன்று நாளில் எங்களில் யாருமே வாழ்க்கைக்கு என்ன பொருள் என்று யோசிக்கவில்லை.

இன்னொரு கடிதத்தில் கையெழுத்து வேறாக இருந்தது. நண்பரின் மனைவி எழுதியது. "அண்ணா, உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. நினைவு தப்பி நாலு வருடம் ஆகிறது. என் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால் காலையில் காபி கொடுத்தால் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். அவர் வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அது போதாதா அண்ணா?"

இந்தச் சகோதரியின் கடிதத்துக்கு முன்னால் ஷாவும் ரஸலும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. அர்த்தம் என்பது ஒருவன் தலைக்குள்ளேயே இருந்தாக வேண்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இன்னொருவர் கையில் பத்திரமாக இருக்கவும் கூடும் என்று அந்த அம்மாள் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

நண்பர்களே, பதினெட்டுப் பதிலையும் மேஜையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். எதுவும் எதோடும் ஒட்டவில்லை. ஒருவர் கடவுள் என்கிறார், ஒருவர் கடவுள் இல்லை என்கிறார். ஒருவருக்கு வேலை, ஒருவருக்கு வேலைக்குப் பின் வெறுமை. நம் வள்ளுவர்கூட அறம் பொருள் இன்பம் என்று மூன்று பாலில் 1330 குறள் பாடி, வீட்டுக்குத் தனியாக ஒரு பால் வைக்கவில்லை. அதற்கு உரையாசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது, வாழ வேண்டிய மாதிரி வாழு, மற்றதை நீயே பார்த்துக்கொள் என்று நம்மிடம் விட்டுவிட்டார் போலிருக்கிறது.

இந்தக் கேள்வி இல்லாதவனுக்குத்தான் வரும், வசதியுள்ளவனுக்கு வராது என்பதும் இல்லை. டால்ஸ்டாய் ஐம்பது வயதில் பேரும் புகழும் நிலமும் குழந்தைகளும் எல்லாம் இருந்தும், தூக்குப் போட்டுக்கொண்டு விடுவோமோ என்று பயந்து கயிற்றை ஒளித்து வைத்தவர். துப்பாக்கி எடுத்து வேட்டைக்குப் போவதை நிறுத்தியவர். அவரே எழுதியிருக்கிறார். நாஜிகளின் வதைமுகாம்களில் தாய், தந்தை, சகோதரன், மனைவி எல்லாரையும் இழந்த வியன்னா மருத்துவர் விக்டர் ஃபிராங்கல், 1945-ல் விடுதலையாகி வந்து, அடுத்த வருடமே, எந்த நிலையிலும் வாழ்வுக்குப் பொருள் உண்டு என்று புத்தகம் போட்டார். எல்லாம் இருந்தவருக்கு இல்லை. எல்லாம் போனவருக்கு இருந்தது. கணக்கு வாத்தியார்கள் இங்கே இருக்கிறார்கள். இதற்கு ஏதாவது சூத்திரம் இருந்தால் சொல்லட்டும்.

செயலர் சீட்டு அனுப்பிவிட்டார். இன்னும் ஐந்து நிமிடம். இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

1978 டிசம்பர். நாங்கள் மூன்றாம் வருடம். இரண்டாம் ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு நானும் என் அறைத் தோழனும் மெயின் கார்டு கேட்டிலிருந்து ஹாஸ்டலுக்கு நடந்து வருகிறோம். வார்டன் கண்ணில் படாமல் சுவரேற வேண்டும். சுவர் அருகில் வந்ததும் அவன் நின்றான். "எதுக்குடா இதெல்லாம்?" என்றான். "எது?" என்றேன். "எல்லாந்தான். எதுக்கு வாழணும்?"

எனக்கு அப்போது நூலகப் புத்தகம் பாதி மண்டையில் ஏறியிருந்த நேரம். மேடை கிடைத்துவிட்டது! சுவரில் சாய்ந்துகொண்டு ஷோப்பன்ஹாவர் என்ன சொன்னார், நீட்ஷே என்ன சொன்னார், கீதை என்ன சொல்கிறது என்று அரை மணி நேரம் பொழிந்து தள்ளினேன். அவன் "ம்... ம்..." என்று கேட்டான். கடைசியில் "குளிருது, வா" என்றான். சுவரேறிப் போய்ப் படுத்துவிட்டோம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. ஒரு நாள் அவன் சித்தப்பா வந்து டிரங்குப் பெட்டியைத் துறையூர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். அப்போதுதான் தெரிந்தது. அவன் அப்பா நவம்பர் மாதமே படுத்த படுக்கை. கடன் கழுத்தை நெரித்திருக்கிறது. மூன்று தங்கைகள். பொங்கலுக்கு முதல் நாள் அப்பா போய்விட்டார். அவன் பரீட்சை எழுதவில்லை.

அன்றைக்கு ராத்திரி நான் அரை மணி நேரம் பேசினேனே, அவனிடம் "ஏன்டா கேக்கறே?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டூரண்டாவது சாப்பிட்டீர்களா என்ற அளவுக்குப் போனார். கூரை மேல் உட்கார்ந்திருந்த பாட்டிகூட என்னைக் கேட்டாள். நான் அதுகூடக் கேட்கவில்லை. முதல் பரிசு வாங்கின பேச்சாளன் அல்லவா!

நாற்பத்தைந்து வருடம் நான் அவனைத் தேடவில்லை. வெட்கம். இந்த 27 கடிதம் எழுதினபோதுகூட அவன் பெயர் எனக்குப் பட்டியலில் தட்டுப்படவில்லை. காரணம் என்ன தெரியுமா? நம் சங்கப் பட்டியல் பட்டம் வாங்கினவர்கள் பட்டியல். அவன் பட்டம் வாங்கவில்லை. இரண்டரை வருடம் நம்மோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, ஒரே வெள்ளத்தில் பொட்டலம் சுமந்தவன், நம் கணக்கில் இல்லவே இல்லை.

பதில் எழுதினவர்களில் ஒருவர், துறையூர்ச் சந்தையில் அவனைப் பார்த்ததாக ஒரு வரி எழுதியிருந்தார். இருபத்தெட்டாவது கடிதத்தை அவனுக்கு எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது. அப்படியே படிக்க அவன் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

"உன் கடிதம் கிடைத்தது. கேள்வி நல்ல கேள்வி. தங்கச்சிகள் கல்யாணம் முடிகிற வரைக்கும் எனக்கு அதற்கு நேரம் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க் வேலை, மீதி நேரம் காடு. நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மூன்று பேரும் நல்லா இருக்கிறார்கள். அம்மாவும் போய்விட்டார்கள். இப்போது திண்ணையில் உட்கார்ந்தால் அந்தப் பழைய கேள்வி திரும்ப வருகிறது. ராத்திரியில் ரொம்ப வருகிறது. நீ நிறையப் படித்தவன். உன்னிடம் பதில் இருந்தால் எழுது."

எழுதவில்லை, நண்பர்களே. மறுநாள் காலை சத்திரம் பஸ் நிலையத்தில் துறையூர் பஸ் ஏறினேன். வெங்காயப் பட்டறை ஓரத்தில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும், "நீ சொன்னதில ஒரு ஜெர்மன்காரன் பேர் மட்டும் ஞாபகம் இருக்குடா, அவன் என்ன சொன்னான்னு மறந்து போச்சு" என்றான். இருவரும் சிரித்தோம். அப்புறம் நாற்பத்தைந்து வருடத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "அன்னிக்கு ஏன்டா கேட்டே?"

சாயந்தரம் கடைசி பஸ் போகிற வரைக்கும் பேசினான். நான் "ம்... ம்..." என்று கேட்டேன். என்ன பேசினான் என்று இங்கே சொல்லமாட்டேன்; அது அவனுடையது.

அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டதா என்று கேட்பீர்கள். தெரியாது. எனக்கே கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் பேசுகிறோம். மழை பெய்ததா, வெங்காயம் என்ன விலை, முட்டிவலி எப்படி, இவ்வளவுதான். ராத்திரியில் அந்தக் கேள்வி வந்தால் எந்நேரமானாலும் கூப்பிடு என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவை கூப்பிட்டான். ஒரு தடவை நான் கூப்பிட்டேன்.

டூரண்டும் தம் புத்தகத்தில் கடைசியாக ஒன்று சொல்கிறார். தன்னைவிடப் பெரிதான ஒன்றோடு தன்னைச் சேர்த்துக்கொள்கிறவனுக்கு வாழ்க்கை பொருள் தருகிறது. அது குடும்பமாக இருக்கலாம், வேலையாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. 1981-ல் அவர் மனைவி ஏரியல் இறந்த இரண்டு வாரத்துக்குள் அவரும் இறந்தார், தமது தொண்ணூற்றாறாவது வயதில். இருவரும் சேர்ந்து உழைத்த நாகரிக வரலாறு பதினோரு பெரிய தொகுதிகள்.

நம் சங்கமும் அப்படிச் சேர்த்துக்கொள்கிற ஒன்றாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆகவே பேச்சை ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். தலைவர் அவர்களே, நம் பட்டியலில் படித்து முடித்தவர்களோடு, படிக்க வந்து முடிக்காமல் போனவர்களையும் சேருங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவராவது இருப்பார். பணம் கட்ட முடியாமல் போனவர், அப்பா போனதால் போனவர், பெயிலானதால் முகம் காட்ட வெட்கப்பட்டுப் போனவர். அவர்கள் ஏன் போனார்கள் என்று அன்றைக்கு நாம் கேட்கவில்லை. இன்றைக்காவது கேட்போம். எங்கள் வகுப்பின் அந்த ஐந்து முகவரிகளையும் தேடும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வகுப்பில் இனி 42 இல்லை, 43. அந்த நாற்பத்து மூன்றாவது ஆள் இன்றைக்கு இந்த மண்டபத்தில்தான் இருக்கிறான். கை தட்டினால் எழுந்து ஓடிவிடுவான். ஆகையால் தயவுசெய்து யாரும் தட்டாதீர்கள். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் அறிமுகமில்லாத முகம் ஒன்று இருந்தால், "நீங்க எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். "சாப்டீங்களா?" என்று கேளுங்கள்.